பெயரடைக்கு அடுத்த சொல்

சோம்பலான, உழைப்பை விரும்பாத, மடியுள்ள. இம்மூன்றில் எந்தப் பொருளோடு அது என் கழுத்துக்குள் குடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியும்வரை அதைத் தொடக்கூடாது என்று விரல்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன். கட்டளையிட்ட மறுகணமே வலது கை தன்போக்கில் மேலேறி, இடக்காதுக்குக் கீழே, தாடை முடிந்து கழுத்து தொடங்கும் அந்த இடத்தைத் தேடிப் போய்விடுகிறது. இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் தோலுக்கடியில் சற்றே நழுவுகிறது, விட்டால் தன் இடத்துக்கே திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது. வலி இல்லை. முகம் மழிக்கையில் முதன்முதலாகத் தட்டுப்பட்ட அன்றைக்கும் வலி இல்லை. அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, போட்ட தையல் காய்ந்து உதிர்ந்துவிட்ட இன்றைக்கும் வலி இல்லை. "சும்மா சும்மா அதையே தொடாதீங்க," என்கிறாள் பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி தையல்நாயகி, மடியில் ஒயர்கூடையை இருத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே. "தொட்டுக்கிட்டே இருந்தா பெருசாயிரும்." அவளிடம் அறிவியல் இல்லை என்று நான் வழக்கமாகச் சொல்வேன், இன்று சொல்லவில்லை, கையை எடுத்து முழங்காலின்மேல் வைத்துக்கொண்டேன். இரத்தப் பரிசோதனையின் முடிவு வர வேண்டும். வந்ததும் டாக்டர் ரெஹானா அதைப் பார்த்துவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்வார். அதன்பின் நாங்கள் வீட்டுக்குப் போகலாம். அதற்காகத்தான் இந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடைக்கூடத்தில், ஃபினாயில் வாடைக்கும் ஒலி அணைக்கப்பட்ட தொலைக்காட்சிக்கும் இடையே காத்திருக்கிறோம் என்று தையல்நாயகி எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் காத்திருப்பது ஒரு சொல்லின் பொருளுக்காக.

தமிழிலேயே கேட்டிருக்கலாம். காலையில் உள்ளே அந்த அம்மையார் தமிழில்தான் தொடங்கினார். வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை எங்கள் இருவருக்கும் பொதுவாக நகர்த்திப் போட்டு, "ஐயா, கழுத்துல எடுத்தோமே, அந்த ரிசல்ட் வந்துருச்சு. பயப்படாதீங்க. இது என்னன்னா, நம்ம உடம்புல கிருமி வந்தா எதிர்த்து நிக்கிற அணுக்கள் இருக்கில்ல..." என்று, ஒரு குழந்தைக்குச் சோறு பிசைவதுபோல, மெதுவாகத் தொடங்கினார். அந்த மெதுவை என்னால் தாங்க முடியவில்லை. என் வெள்ளை வேட்டியையும் நரைத்த தலையையும் பார்த்துவிட்டு, இவருக்கு இவ்வளவுதான் என்று அளந்துவிட்டார் என்று தோன்றியது. "யூ மே ஸ்பீக் இன் இங்கிலீஷ், டாக்டர். ஐ கேன் ஃபாலோ," என்றேன். நான் சொன்ன வாக்கியத்தில் பிழை இல்லை, உச்சரிப்பிலும் இல்லை. டாக்டரின் புருவம் உயர்ந்தது, முகம் மலர்ந்தது. சுமையொன்றை இறக்கி வைத்தவர்போல மளமளவென்று ஆங்கிலத்தில் இறங்கிவிட்டார். மாடிப்படியில் உருண்டோடும் எவர்சில்வர் தம்ளரைத் துரத்துகிறவன்போல நான் அவருடைய பேச்சுக்குப் பின்னால் ஓடினேன். சில சொற்கள் கையில் அகப்பட்டன. குட் நியூஸ், இன் எ வே. நோ ட்ரீட்மென்ட் நவ். வாட்ச். இவற்றுக்கெல்லாம் நடுவே, தெளிவாக, என் கழுத்தை நோக்கி லேசாகத் தலையசைத்தபடி, இண்டலென்ட். அதற்கு அடுத்து ஒரு சொல். பிறகு, "எனி கொஸ்டின்ஸ், சார்?" "நோ கொஸ்டின்ஸ், டாக்டர்," என்றேன் நான். தையல்நாயகி என் வாயையும் டாக்டர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "என்னங்க சொன்னாங்க?" "பிறகு சொல்கிறேன்." "நல்லதா கெட்டதா, அத மட்டுமாவது சொல்லுங்க." "ஒரு வகையில் நல்லது." "ஒரு வகையிலன்னா?" அதைத்தான், அம்மா, அந்த இன் எ வே என்பதைத்தான் நானும் நெடுநேரமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சொல் எனக்குப் புதிதன்று. புதிய சொல்லாயிருந்தால் இவ்வளவு அச்சம் இராது; புதிய சொல்லைப் பார்த்து நான் என்றும் அஞ்சியதில்லை. கமலவாணி லாட்ஜில் வெந்நீர் வாளி சுமக்கச் சேர்ந்து, அதே லாட்ஜின் மேனேஜராக நாற்காலியில் அமர்ந்தவன் நான். இடையில் எனக்கு வாய்த்த ஆசிரியர்கள், அறையைக் காலி செய்தவர்கள் கட்டிலின்மேல் விட்டுச்சென்ற ஆங்கிலச் செய்தித்தாள்களும், அட்டையும் முதற்பக்கங்களும் போன ஒரு பழைய அகராதியுமே. 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களில் பாதி எனக்கு இன்றும் ஐயத்துக்குரியவை. மற்ற எழுத்துகளில் யாரும் என்னை மடக்க முடியாது. 'ஐ' எழுத்து முழுமையாக இருந்தது. ஆனால் இந்தச் சொல்லை நான் அறிந்தது அகராதி வழியாக அன்று. ஒரு மனிதர் வழியாக. திருவரங்கத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு, மற்ற நாளெல்லாம் சித்திரை வெயிலுக்குப் பயந்து எங்கள் லாட்ஜின் மின்விசிறிக்கடியில் மல்லாந்து கிடந்தார். வயிற்றின்மேல் ஒரு புத்தகம் கவிழ்ந்திருக்கும். கால்மேல் கால். தேநீர், தேநீருக்குப்பின் மறுபடி தேநீர். "கோயிலுக்குப் போகவில்லையா, சார்?" என்று நான் கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு, "ஐ ஆம் அன் இண்டலென்ட் மேன், மிஸ்டர் மருதமுத்து," என்றார். அகராதியில் பார்த்தேன். சோம்பலான. தன்னைச் சோம்பேறி என்று இவ்வளவு இனிமையாக ஒரு மனிதர் சொல்லிக்கொள்ள ஒரு மொழி இடம் கொடுக்கிறதே என்று வியந்தேன். அதன்பின் அச்சொல்லை எங்கு கண்டாலும் அந்த மனிதரின் வயிறும் புத்தகமும் உயர்ந்து தாழ்வதுதான் கண்ணில் வரும். சோம்பலான மாணவன், சோம்பலான பிற்பகல், சோம்பலாக ஓடும் ஆறு. செய்தித்தாள்களில் நான் சந்தித்த அத்தனை இண்டலென்ட்டுகளும் ஒன்று ஆளாக இருந்தன, இல்லையேல் பொழுதாக, நீராக இருந்தன. ஒருபோதும் கழுத்துக்குள் இருந்ததில்லை.

முதலில் சினம்தான் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. என்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடப்பான், அதனால் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது என்று கணித்துவிட்டாரா? விடியுமுன் எழுந்து நடக்கிறவன் நான். பகலில் ஒரு நாளும் தலை சாய்த்ததில்லை. அந்தச் சினத்தோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தால், அவ்வழியே டாக்டர் போகும்போது பார்த்து, சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று எண்ணினேனோ என்னவோ. சினம் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நன்றாயிருக்கும். சினம் கரைந்த இடத்தில், தரையைத் துடைத்தபின் வரும் குளிர்ச்சிபோல, மெல்ல இது பரவியது: டாக்டர்கள் நோயாளியின் குணத்தைச் சொல்வதில்லை, உறுப்பின் குணத்தைச் சொல்வார்கள். அப்படியானால் எந்த உறுப்பு சோம்பிவிட்டது? இரத்தமா? கிருமி வந்தால் எதிர்த்து நிற்கும் அணுக்கள் என்றாரே தமிழில், நான் தடுக்குமுன்; அவை எதிர்க்காமல் படுத்துவிட்டனவா? வாசலில் கம்பை வைத்துக்கொண்டு காவல்காரன் உறங்கிப்போனதுபோலவா? இதயமும் சோம்புமா? உயிரே சோம்புமா? மகன் வாங்கித் தந்த கைபேசியை எடுத்து அதிலுள்ள அகராதியில் எழுத்து எழுத்தாக அச்சொல்லைத் தட்டினேன். திரையில் முதலில் வந்தது நானறிந்த அதே பொருள். சோம்பலான, உழைப்பை விரும்பாத, மடியுள்ள. அதற்குக் கீழே இன்னும் இருக்கிறது என்று ஓர் அம்புக்குறி கீழ்நோக்கிக் காட்டியது. மருத்துவத்தில் என்று ஒரு சொல்லின் தலை மட்டும் திரையின் அடிவிளிம்பில் தெரிந்தது. கட்டைவிரலால் ஒருமுறை மேலே தள்ளினால் போதும். தள்ளவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன், என்னுடையதுதான், ஆனால் அது நகரவில்லை. திரை தானாக மங்கி, கறுத்து, அதில் என் முகம் வந்து நின்றது.

"சார் ரிட்டயர்டு மிலிட்டரியா?" என்று எதிர் நாற்காலியிலிருந்து ஒரு குரல். முசிறிக்காரர், வந்ததிலிருந்து ஊர்ப்பெயரை எல்லோரிடமும் அறிவித்துக்கொண்டிருக்கிறார், தோளில் துண்டு, கையில் எக்ஸ்ரே உறை, அதனால் விசிறிக்கொள்கிறார். "அப்பலேர்ந்து பாக்கறேன், கம்பத்துல கட்டுன மாதிரி உக்காந்திருக்கீங்களே." நான் விடை சொல்லுமுன் தையல்நாயகி சொல்கிறாள்: "லாட்ஜுல மேனேஜரா இருந்தவரு. இங்கிலீஷு நல்லா பேசுவாரு. உள்ளகூட டாக்டரம்மாகிட்ட இங்கிலீஷ்லதான் பேசினாரு." அவள் குரலிலிருந்த அந்தப் பெருமை, எத்தனையோ ஆண்டுகளாக நான் அருந்திவந்த அந்தப் பெருமை, இன்று தொண்டையில் சிக்குகிறது. "அடேங்கப்பா," என்கிறார் முசிறிக்காரர், "இங்கிலீஷ்ல பேசினா சீக்கு பயந்துக்கிட்டு ஓடிருமா சார்? எனக்கெல்லாம் பச்சத் தமிழ்ல சொல்லிட்டாங்க. பெருசு, பீடிய நீ விடு, இல்லன்னா பீடி உன்ன விடாதுன்னு. டக்குனு புரிஞ்சிருச்சு." "விட்டாச்சா?" என்று கேட்கிறாள் தையல்நாயகி. "புரிஞ்சிருச்சுன்னுதானம்மா சொன்னேன், விட்டுட்டேன்னா சொன்னேன்?" அவள் சிரித்துவிட்டாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவள் கண் என் பக்கம் வந்து, என் முகத்தில் எதையோ துழாவி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப்போகிறது. இவள் சிரிப்பு இனி எத்தனை நாள் என்று ஓர் எண்ணம் தலைதூக்க, அதை நான் உடனே மிதித்தேன். மிதித்தபின்னும் அது காலடியில் நெளிந்தது. புரிஞ்சிருச்சு என்கிறார் அவர். பீடிக்காரர் அவர், நுரையீரலில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். அவர் சிரிக்கிறார். நான் கம்பத்தில் கட்டியதுபோல உட்கார்ந்திருக்கிறேன்.

நோ ட்ரீட்மென்ட் நவ். இப்போது சிகிச்சை இல்லை. நவ் என்று முடித்தாரா, அன்றி நோ ட்ரீட்மென்ட் என்று முடித்துவிட்டு, நவ் என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினாரா? இங்கே நிறுத்தற்குறி எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு மனிதனின் ஆயுள் இருக்கிறது. அச்சில் இருந்தால் பார்த்துவிடலாம். பேச்சில் யார் பார்ப்பது? சிகிச்சை வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொல்வதை நான் இதற்குமுன் கேட்டிருக்கிறேன். எங்கள் லாட்ஜில் கணக்கராக இருந்த சந்தியாகுவுக்குச் சொன்னார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கறத சாப்பிடக் குடுங்க," என்றார்கள். சந்தியாகு முகமெல்லாம் மகிழ்ச்சி. "பாத்தியா மருது, மருந்தே வேணாம்னுட்டாங்க," என்று என் தோளைத் தட்டினான். பரோட்டா கேட்டான். வாங்கி வந்தோம். பாதி தின்றான். அவ்வளவுதான், அதற்குமேல் அந்த நினைவில் நான் போக மாட்டேன். போகாமலிருக்க வேறொன்றை நினைக்க முயல, அது இதைவிட மோசமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. லாட்ஜ் நடத்துகிறவனுக்கு எந்த விருந்தாளியிடம் அச்சம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவனிடம் அச்சம் இல்லை. அவன் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு அதட்டல் போட்டால் அடங்குவான். கட்டிலை உடைக்கிறவனிடம் அச்சம் இல்லை. அச்சமெல்லாம், கையெழுத்துப் போட்டு, மரியாதையாகச் சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்த் தாழிட்டு, அதன்பின் ஒரு சத்தமும் காட்டாதவனிடம். காலையில் காபிக்குத் தட்டினால் திறக்கமாட்டான். பகலில் தட்டினால் திறக்கமாட்டான். கதவில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே மின்விசிறி ஓடும் ஒலி மட்டும். தூங்குகிறானா, சோம்பலாகக் கிடக்கிறானா, அல்லது... அந்த அல்லதுக்குப் பின்னால் கையில் மாற்றுச்சாவியோடு எத்தனை தடவை நின்றிருக்கிறேன், பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், பெரும்பாலும். இப்போது என் காதுக்குக் கீழேயே ஒரு தாழிட்ட அறை. வலித்தால் தட்டுகிறான் என்று பொருள். வீங்கிச் சிவந்தால் கத்துகிறான் என்று பொருள். எதுவும் இல்லை. என் காதை அதன்மேல் வைத்துக் கேட்கவும் முடியாது. அது காதுக்கு அவ்வளவு அருகில் இருந்தும்.

இவ்வளவும் ஓர் ஏமாற்று. எனக்கு அது தெரியும். ஆங்கிலத்தைத் தானாகக் கற்றவன் இலக்கணத்தை மற்றவரைவிட அழுத்தமாகப் பற்றிக்கொள்கிறான், ஏனென்றால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள வேறு கைப்பிடி இல்லை. அந்த இலக்கணம் எனக்குச் சொல்கிறது, பெயரடை தனித்து நில்லாது என்று. சிவந்த என்றால் எது சிவந்தது? சோம்பலான என்றால் எது? அடை என்பது ஒரு பெயரின்மேல் போர்த்திய துணி. நான் நெடுநேரமாகத் துணியைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்; நெய்தல் எப்படி, நூல் என்ன, எங்கே வாங்கியது என்று; துணிக்கடியில் படுத்திருப்பதன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த சொல் காதில் விழவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விழுந்தது. லிம்ஃபோமா. ஓமா என்று முடியும் சொற்களின் குடும்பத்தை நான் அறிவேன்; செய்தித்தாளின் மரணச் செய்திகளில், நெடுநாள் நோயுடன் போராடி என்ற வரிக்கு அருகே அவை வரும். அக்குடும்பத்தில் நல்லவர் யாரையும் நான் கண்டதில்லை. அதைத் தமிழில் சொல்ல மூன்றே எழுத்து போதும், கறையான் கட்டுவதற்கும் பாம்பு குடியேறுவதற்கும் சொல்கிற அதே சொல். ஆயினும் மனத்துக்குள்கூட அதை நான் இதுவரை முழுதாக உச்சரிக்கவில்லை. ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது அறையிலேயே, டாக்டரின் மேசைக்கு அந்தப் பக்கமே இருப்பதுபோல ஒரு மயக்கம். அதற்காகத்தானோ ஆங்கிலத்தில் பேசுங்கள் என்றேன்? பெருமையினால் அன்று, அச்சத்தினால்? இல்லை, பெருமையினால்தான். இரண்டும் அவ்வளவு அருகருகே இருக்கின்றன, எது எதன் குரலில் பேசுகிறது என்று இந்த நேரத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை.

ரப்பர் செருப்பின் ஓசை. டாக்டர் ரெஹானா வருகிறார், கையில் தாளோடு. நான் எழுந்தேன். கேள்வி தயாராக இருந்தது, பிழையற்ற கேள்வி, வாட் டஸ் தட் வேர்ட் மீன், டாக்டர். முதற்சொல் உதட்டு வரையில் வந்துவிட்டது. "ப்ளட் ரிசல்ட் இஸ் ஃபைன், சார். சீ யூ ஆஃப்டர் த்ரீ மந்த்ஸ்," என்றார் அவர். மூன்று மாதம். என் வாய் திறந்தது. "தேங்க்யூ, டாக்டர்," என்றது. வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. அவர் திரும்பினார், ரப்பர் செருப்பு இரண்டடி வைத்தது, கேள்வி என் வாய்க்குள்ளேயே கரைந்து கசந்தது, இன்னும் இரண்டடியில் அவர் கதவுக்குள் போய்விடுவார், நான் இந்தச் சொல்லோடு மூன்று மாதம் வீட்டில் தனியாக இருப்பேன் என்று தெரிந்தும் கால் நகரவில்லை. அப்போது ஒயர்கூடை தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. "டாக்டரம்மா, ஒரு நிமிசம். இவருக்கு இங்கிலீஷு தெரியும், சொன்னதெல்லாம் புரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாது பாருங்க. எனக்குத் தமிழ்ல ஒருக்கா சொல்லிட்டுப் போங்களேன்."

டாக்டர் ரெஹானா நின்றார். என்னைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சற்று நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து தையல்நாயகிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயா சொல்லலையாம்மா?" "அவரு பெறகு சொல்றேன்னாரு. அவரு பெறகுன்னா பொழுதாயிரும்." டாக்டர் சிரித்தார். "சரி, இப்படி வச்சுக்கங்க. இவர் கழுத்துல இருக்கறது ஒரு சோம்பேறிம்மா. அப்படித்தான் நாங்களே சொல்வோம். வலிக்காது, வேகமா வளராது, அதுபாட்டுக்கு இருக்கும். சில பேருக்கு வருஷக்கணக்கா ஒண்ணும் பண்ணாம இருக்கும். தூங்கறவன நாமளா போயி எழுப்ப வேணாம். எந்திரிச்சு ஏதாவது பண்ணானா அப்ப மருந்து இருக்கு. அதுவரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருதடவ வந்து காட்டுங்க, போதும்." "அவ்வளவுதானா?" "காரணமில்லாம ஜுரம் வந்தா, உடம்பு இளைச்சா, வேற எங்கயாவது கட்டி தெரிஞ்சா, ராத்திரியில வேர்த்துக் கொட்டினா உடனே வந்துருங்க." "திருச்சியில வேர்க்காத ராத்திரி எதுங்க டாக்டரம்மா?" முசிறிக்காரர் எக்ஸ்ரே உறைக்குப் பின்னாலிருந்து கொக்கரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டு, "பாயும் தலகாணியும் நனையற மாதிரி வேர்த்தாம்மா," என்று சொல்ல, உள்ளிருந்து சிஸ்டர் அழைத்தார். அவர் எழுந்து போனார். எல்லாம் இவ்வளவுதான். அந்தச் சொல் என்னை அச்சுறுத்த வரவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறது. திரையில் கட்டைவிரலுக்குக் கீழே அந்த ஆறுதல்தான் காத்திருந்திருக்கிறது. மூச்சு ஒன்று உள்ளே போய், முழுதாக வெளியே வந்தது. அடுத்த மூச்சு பாதியில் நின்றது. எந்திரிச்சு ஏதாவது பண்ணானா. அப்படியானால் எழுந்திருப்பான். வருஷக்கணக்கா என்றாரே, சில பேருக்கு என்றல்லவா அதற்கு முன்னால் வைத்தார். இனி ஒவ்வோர் இரவும் தலையணையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும். தாழிட்ட கதவுக்கு வெளியே, மாற்றுச்சாவியும் இல்லாமல், ஆயுளுக்கும் நிற்க வேண்டும்.

தையல்நாயகியின் முகம் தெளிந்திருந்தது. கூடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். "சோம்பேறியாம்ல! உங்க உடம்புல ஒரு சோம்பேறி எப்படி நொழஞ்சான்னுதான் தெரியல. ஒரு நாள் நீங்க அவன உக்கார விட்டிருப்பீங்களா?" என்று சிரித்தபடி படிக்கட்டை நோக்கி நடந்தவள், முதற்படிக்கு வருமுன் நின்றாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதற்கடியில் வேறொன்று மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது. "ஏங்க. சோம்பேறி சோம்பேறின்னாங்களே. எது சோம்பேறி? அதுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?"

இலக்கணம் அறியாதவள் கேட்டுவிட்டாள். டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டது எனக்காக என்பது அப்போது விளங்கியது. வீட்டுக்காரர் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். சொற்களுக்கா எனக்குப் பஞ்சம்? கட்டி என்று சொல்லலாம். கழலை என்று சொல்லலாம். கொழுப்புக்கட்டி என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகில் இருக்கிறது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். நம்பிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். நான் மட்டும் இரவில் தலையணையைத் தொட்டுப் பார்ப்பேன். ஏன் தொடுகிறீர்கள் என்று கேட்பாள். அதற்கு ஒரு பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏன் போகிறோம் என்று கேட்பாள். அதற்கு ஒன்று. அவளுக்கென்று தமிழில் பிசைந்து நீட்டிய சோற்றைக் காலையில் நான்தான் தட்டிவிட்டேன். மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"புத்து," என்றேன்.

என் வாயிலிருந்து நூல்தமிழ்கூட வரவில்லை. அவள் பேசுகிறபடியே வந்தது.

அவள் கூடையின் பிடியை இறுக்கிக்கொண்டாள். கீழேயிருந்து ஏறி வந்த ஒருவர் எங்களுக்கு இடையே புகுந்து, வழி விடச் சொல்லி, போனார். அவர் போனபின்னும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள்.

"நீங்க புரியாம சொல்லலையே?"

"இல்லை."

"அந்த இங்கிலீஷு வார்த்த என்ன?"

"எது?"

"சோம்பேறிக்கு அந்தம்மா சொன்னது."

"இண்டலென்ட்."

"இண்ட..."

"இண்டலென்ட்."

"இண்டலண்டு," என்றாள். "இண்டலண்டு. இண்டலண்டு." அண்டை அயலார் ஆங்கிலத்தை எத்தனையோ வாசல்களில் நின்று திருத்தியிருக்கிறேன்; அதை நான் திருத்தவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒருமுறையாக அந்தப் பெயரடையை வாய்க்குள் சொல்லியபடியே முன்னால் இறங்கினாள். அதற்கு அடுத்த சொல்லைச் சுமந்துகொண்டு நான் பின்னால் இறங்கினேன்.